கொடியில் காய்த்த கிழங்கு

எங்கள் கொல்லையில் கத்தரி, வெண்டை, கொத்தவரை தவிர நான் எதையும் வைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி அப்படியல்ல. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இறங்கி வந்தவள். அவள் வேலியில் நாலு பக்கமும் சிறகு வைத்த அவரையும், எனக்குப் பெயர் தெரியாத கொடிகளும் படர்ந்து கிடந்தன. அந்த வேலி எங்கள் இடத்துக்குள் அரை அடி வந்துவிட்டது என்று நான் சத்தம் போட்டதில், இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை.

ஒரு நாள் காலை அவளே கூடையோடு வந்து நின்றாள். மேலே சிறகவரை. அடியில், உருளைக்கிழங்கு மாதிரியே சொரசொரப்பாக நாலைந்து உருண்டைகள்.

"அடதாப்புக் கிழங்குக்கா. மண்ணுக்குள்ள இல்ல, கொடியிலயே தொங்கும். வேகவச்சுத் தின்னு பாருங்க."

கிழங்கு எங்கேயாவது கொடியில் தொங்குமா? அதை எனக்கு எதற்குத் தருகிறாள்? போனில் தேடினேன். காட்டில் முளைப்பதில் விஷ வகையும் உண்டு என்று இருந்தது. அவரையை எடுத்துக்கொண்டு கிழங்கைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

மறுநாள் வேலி ஓரமாகக் கேட்டாள். "எப்படி இருந்துச்சுக்கா?"

"நல்லா இருந்துச்சு. சாம்பார்ல போட்டேன்."

"கசக்கலையா?"

"இல்லையே, இனிப்பாத்தான் இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. "சோலி இல்லன்னா இங்க வாங்க."

மறுக்க முடியாமல் போனேன். அவள் தோலைச் சீவி, அடியில் இருந்த பச்சையையும் ஆழமாகச் சுரண்டினாள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைத்தாள். இரண்டு தட்டிலும் ஒரே சட்டியிலிருந்துதான் வைக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இது காட்டுல எடுத்தது இல்லக்கா. எஸ்டேட்ல எங்க வீட்டு வாசல்லயே வச்சிருந்தோம்" என்றபடி முதலில் அவள் தின்றாள். இரண்டாவது துண்டையும் அவள் விழுங்கிய பிறகே நான் வாயில் வைத்தேன். மாவாகக் கரைந்தது. கடைசியில் லேசான கசப்பு.

"நேத்துச் சொன்னது பொய்" என்றேன்.

"தெரியும்க்கா. நீங்க வண்டியில போட்டதைப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

என்னை அவளும் கண்காணித்திருக்கிறாள்! கோபம் வரவில்லை, முகத்தைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேலியைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

மீதியைக் கிண்ணத்தில் வாங்கி வந்து வீட்டுக்காரர் முன் வைத்தேன். தொடாமல் என்னையே பார்த்தார்.

"நீ தின்னு எவ்வளவு நேரமாச்சு?"

"அரை மணி நேரம்."

"இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.