வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவரும் பதினோரு வருஷ லட்டும்

பாலசுப்ரமணியத்துக்கு இந்த உலகத்தில் இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, கொண்டைக்கடலை. இன்னொன்று, யாரிடமாவது ‘வேண்டாம்’ என்று சொல்வது. முதலாவது, முழுசாகவோ மாவாகவோ, வயிற்றுக்குள் போனால் உதடு தடிக்கும், உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகக் கிளம்பும், மூச்சு இழுக்கும். இரண்டாவதைச் செய்ய நினைத்தாலே போதும், தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும்.

இப்பேர்ப்பட்ட மனிதரை அம்பாசமுத்திரத்திலேயே விட்டுவைத்திருக்கலாம். மத்திய சர்க்கார் பரீட்சை எழுதித் தொலைத்தார், டெல்லியில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். காலையில் கொண்டைக்கடலை சோலே, மத்தியானம் கடலைமாவுக் குழம்பு, சாயங்காலம் பக்கோடா என்று கடலையில் விடிந்து கடலையில் அடைகிற ஊர். இங்கே வந்து “எனக்குக் கடலை ஒத்துக்காது” என்றால், “எனக்குக் காற்று ஒத்துக்காது” என்றதுபோலப் பார்ப்பார்கள். வந்த புதிதில் ஒரே ஒரு பக்கோடாவைக் கடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசி போட்டுப் பிழைத்தார். அடுத்த தடவை இதைவிட மோசமாக வரலாம் என்று டாக்டர் சொன்னார். மயூர் விஹார் வீட்டில் அன்றைக்கே அவர் மனைவி அகல்யா கடலைமாவு டப்பாவைத் தூக்கி எறிந்தாள். பரணில் இருந்த பழைய டப்பாவையும் சேர்த்து எறிந்தாள்.

வீட்டில் பிரச்சினை தீர்ந்தது. ஆபீசில்தான் வம்பு. அவர் வேலை பார்த்த அமைச்சகத்தில் ஃபைல் நகராத நாள் உண்டு, லட்டு நகராத நாள் கிடையாது. ஒருவருக்குப் பேரன் பிறந்தால் லட்டு, ஒருவர் கார் வாங்கினால் லட்டு, அந்தக் காரை இடித்துவிட்டு ஆள் தப்பித்தால் அதற்கும் லட்டு. எல்லாம் கடலைமாவு லட்டு. பாலசுப்ரமணியம் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். “வாஹ்! பஹுத் படியா!”, ரொம்பப் பிரமாதம் என்று கண்ணை மூடித் தலையாட்டுவார். பிறகு அதை ஒரு காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு மெட்ரோவுக்கு நடப்பார். அந்த மரத்தில் ஒரு தடிக் குரங்கு இருந்தது. பதினோரு வருஷமாக அதற்கு இவர்தான் படியளந்தார்.

“ஏங்க, கோட்டுக்குள்ள எறும்பு ஊருது. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்?” என்பாள் அகல்யா.

“சொன்னா அவங்க மனசு சங்கடப்படும்லா.”

“நீங்க போய்ச் சேர்ந்துட்டா என் மனசு என்ன செய்யும்னு நினைச்சீங்களா?”

அவர் கோட்டை உதறிக்கொண்டே பால்கனிப் பக்கம் போய்விடுவார்.

இந்தப் பசப்பின் பலன் என்னவென்றால், லட்டென்றால் உயிரை விடுகிறவர் என்று ஆபீஸ் முழுக்க அவருக்குப் பெயர் வந்துவிட்டது. ஜனவரி மாதம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. மனிதர் முன்ஜாக்கிரதையாகத் தானே இரண்டு கிலோ பால்பேடா வாங்கிப்போனார். ஆனால் மேலதிகாரி அரோரா மேடம் அவருக்கும் ஒரு படி மேலே யோசித்திருந்தார். மணியம்ஜிக்குப் பிடிக்குமே என்று நெய் சொட்டுகிற கடலைமாவு லட்டு ஒரு பெட்டி தருவித்து வைத்திருந்தார்.

டெல்லியில் நல்ல செய்தி என்றால் இனிப்பைக் கையில் கொடுக்கமாட்டார்கள். வாயிலேயே ஊட்டிவிடுவார்கள். மேடம் லட்டோடு நெருங்கி வந்தார். பாலசுப்ரமணியம் வாழ்க்கையில் முதல்முறையாக ‘வேண்டாம்’ என்று சொல்லியே விடுவது என்று துணிந்து வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் முழு லட்டும் போய்விட்டது.

துப்பியிருக்கலாமே என்பீர்கள். உங்களுக்கும் எனக்கும் அது சுலபம். எதிரே மேலதிகாரி, சுற்றிலும் கைதட்டல், நான்கு செல்போன்களில் படம். விழுங்கிவிட்டார் மனிதர். விழுங்கிவிட்டு “படியா” என்று வேறு சொன்னார்.

ஐந்து நிமிஷத்தில் நாக்கு அரித்தது. கண்ணில் நீர் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் உருகினார்கள். முகம் சிவந்தது. வாயுத் தொல்லை என்று ஒருவர் ஓமத்தைக் கொண்டுவந்தார். சர்க்கரை குறைந்துவிட்டது என்று இன்னொருவர் இரண்டாவது லட்டை எடுத்தார். நல்லவேளை, டெல்லி கரோல் பாகிலேயே பிறந்து வளர்ந்த மேதா என்ற தமிழ்ப் பெண் அந்த மாதம்தான் செக்ஷனில் சேர்ந்திருந்தாள். அவள் தமிழ் அரைகுறை, ஆனால் கண் முழுசாகத் தெரியும்.

“அங்கிள், உங்க ஃபேஸ் பூரி மாதிரி ஊதுது! உங்களுக்கு எது அலர்ஜி?”

“ஒண்ணுமில்லம்மா… லட்டு நல்லாத்தான்…” என்றவருக்கு மூச்சு விசிலடித்தது. அப்போதுதான் பயம் பிடித்தது. “கடலைமாவு” என்றார்.

“காடி நிகாலோ! ஜல்தி!”, வண்டியை எடுங்கள், சீக்கிரம் என்று மேதா போட்ட சத்தத்தில் அடுத்த மாடிக்காரர்களும் ஓடிவந்தார்கள். அவளுடைய காலேஜ் தோழிக்கு இப்படி வந்து பார்த்தவள். காரின் பின்சீட்டில் அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, காலைத் தூக்கி வைக்கச் சொன்னாள். தூக்கி எங்கே வைப்பது? அரோரா மேடத்தின் மடிதான் காலியாக இருந்தது. மேலதிகாரி மடியில் காலை நீட்டுவதா என்று அவர் இழுத்துக்கொண்டார். மேடம் பிடித்து வைத்தார். மூச்சு முட்டிக்கொண்டிருந்த அந்த நிலையிலும் “சாரி மேடம், சாரி மேடம்” என்று முனகிக்கொண்டே போனார். சிக்னலில் கார் நின்றபோது அகல்யாவின் கேள்வி ஞாபகம் வந்தது. அதற்குப் பதில் சொல்லாமலே போய்விடுவோமோ என்று நிஜமாகவே அழுதார்.

எமர்ஜென்சியில் தொடையில் ஊசி போட வேண்டும். பேண்டை இறக்கினால் உள்ளே ஒரு குளிர் உடை. அதற்குள்ளே இன்னொன்று. ஜனவரிக் குளிருக்கு அகல்யா போட்டுவிட்டது.

“எந்தா சாரே இது, எத்தனை பேண்ட்?” என்று மலையாள நர்ஸ் கத்தரிக்கோலால் இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டி, தொடையைக் கண்டுபிடித்து, அட்ரினலின் ஊசியை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்தது, தொண்டை திறந்தது. காற்று இத்தனை ருசியாக இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சரியாகிவிட்டதே, கிளம்பட்டுமா என்றார். அலர்ஜி திரும்பக் கிளம்பலாம், சாயங்காலம்வரை படுத்திருங்கள் என்று டாக்டர் அதட்டினார். அகல்யா வந்தாள். முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு வெட்டுப்பட்ட குளிர் உடையைப் பார்த்துத் திரும்ப அழுதாள். அரோரா மேடத்துக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“அப்படியானால் பதினோரு வருஷமாக நாங்கள் கொடுத்த லட்டெல்லாம் எங்கே போயிற்று?” என்று ஹிந்தியில் கேட்டார்.

பாலசுப்ரமணியம் குரங்கைச் சொன்னார். மேடம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

பேனா மாதிரி இருக்கும் அட்ரினலின் ஊசி இரண்டை ஒரு பையில் போட்டு, எப்போதும் கூடவே இருக்க வேண்டும், மூச்சு முட்டினால் உடனே தொடையில் குத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அகல்யா அதைக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்தாள். பழைய லட்டுப் பாக்கெட்டுதான்.

ஒரு வாரம் கழித்து ஆபீஸ் போன அன்று சாயங்காலம், வேப்பமரத்தடியில் அந்தத் தடிக் குரங்கு காத்திருந்தது. வாரம் முழுக்கப் பட்டினி போட்ட கோபம் வேறு. ஒரே தாவு. அவர் தோளில் உட்கார்ந்து, பாக்கெட்டில் கையை விட்டு, பையைப் பிடித்து இழுத்தது. மேதாவும் அரோரா மேடமும் வாசல் காவல்காரரும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

“வேண்டாம்!” என்று கத்தினார் பாலசுப்ரமணியம். “தர மாட்டேன்! முடியாதுலே! விடு!”

குரங்கு பையை விட்டது. கீழே குதித்து, இவரா இப்படிப் பேசுகிறார் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது. அவர் பையைத் தட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

“அகல்யா, நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“நிஜமாவா? யாருகிட்ட?”

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“பதினோரு வருஷமா பழகினவர்கிட்ட” என்றார்.