முப்பதாம் தேதிக்குள் ஒரு சுற்று

முனிலட்சுமி அக்கா காற்றாலையை நேரில் பார்த்ததே இல்லை. பாகலூரில் பிறந்து, ஏழாவது வரை கன்னடத்தில் படித்து, பிறகு தமிழுக்கு மாறி, தபால் வழியில் பி.காம். முடித்தவர். ஓசூர் சிப்காட்டில் எங்கள் இரும்பு வார்ப்பாலைக்குக் கணக்கு எழுதினார். நான் அதே அறையில் டைப்பிஸ்ட்.

தொண்ணூற்றைந்தில், மின்வெட்டு தாங்காமல், தெற்கே, காற்று பலமாக வீசும் கணவாய்ப் பக்கம் ஒரு காற்றாலை நிறுவ முதலாளி முடிவு செய்தார். அங்கே விளையும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் ஏறும்; அந்த அளவு எங்கள் பில்லில் கழியும். அதற்குப் பணம் திரட்டும் வழியை அக்காதான் கற்றுக்கொண்டார். வங்கியின் ஆங்கிலக் கடிதங்களை நான் படித்துச் சொல்வேன். அவர் கன்னட எழுத்தில் குறித்துக்கொள்வார். விலையில் முக்கால் பங்கு வங்கி தரும். கால் பங்கு ஆலை போட வேண்டும். செப்டம்பருக்குள் ஓடத் தொடங்கினால் முழு விலையையும் அந்த ஆண்டு லாபத்திலிருந்து கழிக்கலாம், வரியே வராது. அதற்குப் பிறகு என்றால் பாதிதான் கழியும்.

“அப்ப எல்லாரும் காத்துக்காக இல்ல, வரிக்காகத்தான் இதப் போடறாங்களா?” என்று சிரித்தார்.

கால் பங்குக்குக் கையில் பணம் போதவில்லை. தீபாவளி போனஸுக்கு ஒதுக்கிய தொகை வங்கியில் சும்மா கிடந்தது. அதை இப்போது போட்டுவிடலாம், டிசம்பரில் வரி கட்ட வைத்திருக்கும் பணம் மிச்சமாகும், அதிலிருந்து போனஸ் கொடுக்கலாம் என்று அக்கா எழுதினார். நான் டைப் செய்தேன். முதலாளி கையெழுத்திட்டார். காற்று வராவிட்டால் என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

அக்காவின் கணவர் சென்றாயன் எங்கள் ஆலையிலேயே மணல் அச்சுப் பிரிவில் வேலை பார்த்தார். விஷயம் தெரிந்ததும் கரி படிந்த முகத்தோடு எங்கள் ஜன்னலுக்கு வந்தார்.

“ஏமே, எங்க போனஸ காத்துல விட்டுட்டியாமே?”

“முப்பதுக்குள்ள ஓடிடும். கம்முனு போ.”

“ஓடலன்னா? நூத்தி இருவது பேரும் என் வூட்டுக்குத்தான் வருவாங்க. வாசல்ல நின்னு காத்த நீயே ஊது.”

செப்டம்பர் இருபத்தாறாம் தேதியே எந்திரத்தை நிறுவி முடித்தாயிற்று. ஆனால் மீட்டர் நகர்ந்தால்தான் வாரிய அதிகாரி சான்று தருவார். அன்றோடு காற்று அடங்கியது. அங்கே போயிருந்த எங்கள் ஃபிட்டர் கந்தனை அக்கா மணிக்கொரு தடவை போனில் பிடித்தார்.

“எல கூட ஆடலக்கா. ஆடு மேய்க்கறவங்க வந்து வேடிக்க பாத்துட்டுப் போறாங்க.”

அக்காவால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. வளாகத்தின் ஓரத்து யூக்கலிப்டஸ் மரத்தைப் பார்த்துவிட்டு வருவார். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காற்றை அது எப்படிக் காட்டும்? நானும் பார்த்தேன்.

முப்பதாம் தேதி, புரட்டாசி சனிக்கிழமை. அக்கா விரதம். அதிகாரி ஐந்து மணிவரை காற்றாலையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு அச்சுப் பிரிவு ஆட்கள் டீ டம்ளரோடு எங்கள் வராந்தாவில் வந்து நின்றார்கள். சென்றாயன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்தார்.

நாலு இருபதுக்குப் போன் மணி அடித்தது. கந்தன் கத்தியது எனக்கே கேட்டது.

“சுத்திடுச்சுக்கா! நாலு யூனிட்டு! சார் கையெழுத்துப் போட்டுட்டாரு!”

“தேதி என்ன போட்டிருக்காரு?”

“முப்பதுதான்.”

“படிச்சுக் காட்டு. வருஷத்தோட.”

இரண்டு முறை படிக்க வைத்தார். போனை வைத்துவிட்டு, வராந்தாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அங்கே எழுந்த சத்தத்தில் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் போனஸ் கொடுத்தாயிற்று. மறுநாளே முதலாளி, இன்னொரு காற்றாலைக்குக் கணக்குப் போடச் சொன்னார். அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். முதல் வரி, போனஸ் பணத்தைத் தொடக்கூடாது என்பது. இரண்டாவது வரி, மே மாதத்துக்குள் எந்திரத்தை நிறுவி முடிக்க வேண்டும் என்பது.

“மே எதுக்கு? செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்குதேம்மா?” என்றார் முதலாளி.

“அது வரிக்கு சார். காத்து மேயிலயே வந்துடுது.”

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தார்.