இலைப் பக்கம், எலும்புப் பக்கம்

மட்டாஞ்சேரியில் கல்யாணம் வைக்கிறவர்கள் முதலில் மண்டபத்தைத் தேடுவதில்லை, பிரிஜித்தாவைத்தான் தேடுவார்கள். மண்டபம் ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கும். பிரிஜித்தாவின் பெரிய அண்டா அன்றைக்கு வேறு வீட்டுக்குப் போகிறதென்றால் முகூர்த்தத்தையே தள்ளி வைக்க வேண்டியதுதான் என்று கொங்கணி வீட்டுப் பெரியவர்கள் பாதி வேடிக்கையாகவும் பாதி வயிற்றெரிச்சலோடும் சொல்வார்கள்.

படகு ஜெட்டிக்குப் போகிற சந்தில் அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டகை, நடுவில் பலகைத் தடுப்பு. வலது பக்கம் இலைப் பக்கம், இடது பக்கம் எலும்புப் பக்கம். பெயர் வைத்தது அவளேதான். இலைப் பக்கத்துப் பாத்திரமெல்லாம் கொங்கணி, குஜராத்தி, தமிழ் ஐயர் வீடுகளுக்கு. எலும்புப் பக்கம் கச்சி மேமன், தக்னி, நைனா என்று முஸ்லிம் வீடுகளுக்கும் அவளுடைய சொந்த லத்தீன் கிறிஸ்தவ ஜனங்களுக்கும். இலைப் பக்கம் விளக்க கொங்கணி பேசுகிற துளசி, எலும்புப் பக்கம் விளக்க சபியா. இருவரும் ஒரே வெற்றிலைப் பெட்டியில் போட்டுக்கொள்வார்கள், ஆனால் தேங்காய் நார் மட்டும் தடுப்பைத் தாண்டக் கூடாது. ஒருமுறை கோயில் தெருவுக்குப் போக வேண்டிய கரண்டியை யாரோ மீன்குழம்பில் விட்டுவிட்டார்கள். பிரிஜித்தா அதை அன்றே எலும்புப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டாள். அதற்கு "மதம் மாறின கரண்டி" என்றே பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகலாம், திரும்பி வர வழி கிடையாது என்பது அவள் சட்டம்.

பன்றிக்கு எந்தப் பக்கத்திலும் இடம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு விந்தாலு வைக்கப் பாத்திரம் கேட்டு வந்த சொந்தத் தம்பியையே வாசலோடு அனுப்பிவிட்டாள். ஜுலேகாபாயி வீட்டு பிரியாணி வேகிற அண்டாவில் நீ பன்றி வேகவைப்பாயா என்று அவள் கேட்ட கேள்வியில் அவன் கோபித்துக்கொண்டு ரொம்ப நாள் பேசாமல் இருந்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இந்தக் கறாரெல்லாம் எங்கிருந்து வந்ததென்றால், ஒரு யூத வீட்டிலிருந்து. புருஷன் லாரன்ஸ் மிளகு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலம். யூதத் தெருவில் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். சிம்ஹா என்கிற அம்மாள் வீட்டைக் காலி செய்யும்போது, உள்ளே ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற இரண்டு செப்பு அண்டாக்களை பிரிஜித்தா வாங்கி வந்தாள். அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று பாலுக்கு, ஒன்று இறைச்சிக்கு, கலந்துவிடாதே என்று இரண்டு தடவை சொல்லித்தான் சிம்ஹா கொடுத்தாளாம். இதில் யாருக்குச் சமைக்கப் போகிறாய், பட்டாளத்துக்கா என்று லாரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டான். முதலில் ஒரு வீட்டில் இரவல் கேட்டார்கள், பிறகு இன்னொரு வீட்டில், அப்புறம் அவளே வாடகைக்கு விட ஆரம்பித்தாள். லாரன்ஸ் போன பிறகு அந்த இரண்டு அண்டாவும்தான் அவளுக்குச் சோறு போட்டன, மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்து மஸ்கட்டுக்கு அனுப்பின. பால் அண்டா இலைப் பக்கத்துக்குத் தலைவி, இறைச்சி அண்டா எலும்புப் பக்கத்துக்கு. காதில் பச்சைத் துணி கட்டினது அது, சிவப்புத் துணி கட்டினது இது. வேறு வித்தியாசம் எதுவும் கிடையாது.

அவள் வாழ்க்கையில் குறையென்று சொல்ல ஒன்றும் இல்லை. எந்த வீட்டில் பெண் வளர்ந்திருக்கிறாள், எந்த வீட்டில் பையன் வேலைக்குப் போய்விட்டான் என்பதெல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். அண்டா கேட்டு வருகிறவர்கள் வாயைத் திறக்கும் முன்பே தேதியைச் சொல்லிச் சிரிப்பாள். ஒரே ஒரு சங்கதியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கண் மங்கிக்கொண்டு வந்தது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அப்புறம் சாயங்காலத்தில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை, குரலை வைத்து சமாளித்தாள். அப்புறம் கொட்டகை இருட்டில் பச்சையும் சிவப்பும் ஒரே அழுக்கு நிறமாகிவிட்டன. பிரிஜித்தாவுக்குக் கண் தெரியவில்லை என்று ஊருக்குள் ஒரு வார்த்தை போனால் இலைப் பக்கத்தை எவர் தொடுவார்கள்? அதனால் பாத்திரம் வைக்கிற இடத்தை மனசில் வைத்துக்கொண்டு கைத்தடவலிலேயே வேலையை ஓட்டினாள். ஓடவும் ஓடியது.

அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு கல்யாணம். கஞ்சன்பென் என்கிற ஜைன அம்மாள் மகளுக்கு மத்தியானச் சாப்பாடு. ஜுலேகாபாயி பேரனுக்கு ராத்திரி பிரியாணி. விடிந்ததும் கைவண்டி பொன்னையா வந்து கஞ்சன்பென் வீட்டு அண்டாவை ஏற்றிக்கொண்டு போனான். இவன் தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். அண்டா எந்தப் பக்கம் என்று பார்ப்பது தன் வேலையில்லை என்று இருப்பவன். வண்டி போய்க் கொஞ்ச நேரத்தில் சபியா வந்தாள். எலும்புப் பக்கத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சேச்சி, என் அண்டா எங்க? இங்க நிக்கிறது துளசியோடது. பச்சைத் துணி கட்டியிருக்கு."

நேற்று இரண்டையும் வெயிலில் கவிழ்த்து, உள்ளே எடுத்து வைத்தது பிரிஜித்தாதான். அப்படியானால் வண்டியில் போனது சிவப்புத் துணி அண்டா. ஜைன வீடு. வெங்காயம்கூட வாசலுக்கு வராத வீடு. போன வாரம் ஆடு வெந்த அண்டாவில் இன்றைக்கு அங்கே பருப்பு வேகப் போகிறது. கல்யாணத்துக்கு வந்த ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடப் போகிறது. பிறகு கஞ்சன்பென்னின் முகத்தில் எப்படி விழிப்பது, விழித்தாலும் இந்தத் தொழில் ஒரு நாள் தாங்குமா? மாதாவே, அடுப்பில் ஏற்றியிருக்கக் கூடாதே என்று முணுமுணுத்துக்கொண்டே, திரும்பி வந்த பொன்னையாவைப் பிடித்துப் பச்சைத் துணி அண்டாவை ஏற்றச் சொன்னாள். வண்டிக்கு முன்னால் அவளே ஓட்டமும் நடையுமாகப் போனாள். முழங்கால் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள். அந்த அண்டாவின் அடியில் ஓட்டை, கசியும், அதனால் மாற்ற வந்தேன். அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

எப்போது போனாலும் கஞ்சன்பென் வீட்டில் அவளை முன்கூடத்தில் உட்கார வைத்து, டீயும் கடலைமாவுக் காந்தியாவும் கொடுத்து, ஊர்க்கதை பேசாமல் விடமாட்டார்கள். இன்றைக்கு அவள் வருவது யாருக்கும் தெரியாது. நேரே பின்கட்டுக்கே போய்விட்டாள். அங்கே கிணற்றடியில் சமையல்கார மகாராஜும் இரண்டு பெண்களும் அவளுடைய அண்டாவைச் சாய்த்துப் போட்டு, சாம்பலும் நாருமாகத் தேய் தேயென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று தவலை நிறையக் கொதிக்கிற தண்ணீர். விசேஷம் என்று கஞ்சன்பென்னே முந்தானையைச் செருகிக்கொண்டு நின்று, உள்ளே இன்னொரு தடவை ஊற்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரிஜித்தாவுக்கு வந்த கோபத்தில் ஓட்டையும் மறந்துபோனது, கசிவும் மறந்துபோனது. முகம் தெரிகிற மாதிரி விளக்கி அனுப்பின அண்டாவை இன்னொரு தடவை விளக்குகிறார்களா? அப்படியானால் ஒவ்வொரு தடவையும் இதுதான் நடக்கிறதா? முன்கூடத்தில் டீயும் காந்தியாவும் கொடுத்து உட்கார வைத்தது இதற்குத்தானா?

"ஏன் கஞ்சன்பென், இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது எலும்புப் பக்கத்து அண்டாவ உங்க வீட்டுக்கு அனுப்பியிருக்கேனா? சொல்லுங்க. ஒரே ஒரு தடவை?"

கேட்டது அவள்தான். தேய்பட்டுக்கொண்டிருந்ததோ எலும்புப் பக்கத்து அண்டா. இப்படி ஒரு கூத்தை எங்கள் மட்டாஞ்சேரியிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

கஞ்சன்பென்னுக்கு முகம் சிறுத்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து பிரிஜித்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மாமியார் காலத்திலிருந்து இப்படித்தான் என்றாள். உன் மேல் சந்தேகமே கிடையாது, எங்கள் மனசுக்காகச் செய்கிறோம், நீ பார்த்தால் வருத்தப்படுவாய் என்றுதான் பின்கட்டில் செய்கிறோம் என்றாள். மகள் கல்யாணத்தன்று உன் மனசை நோகடித்துவிட்டேனே என்று கண் கலங்கினாள்.

இதைவிட நல்ல வாய்ப்பு ஒருத்திக்குக் கிடைக்குமா? தப்பு செய்தவளிடமே மன்னிப்புக் கேட்கிறார்கள். போனால் போகிறது என்று பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அண்டாவும்தான் சாம்பலும் வெந்நீருமாகச் சுத்தமாகிவிட்டதே. பிரிஜித்தா அந்தக் கையைப் பார்த்தாள், மருதாணி போட்ட கை.

"அழாதீங்க. தப்பு என்னோடது. நீங்க தேய்க்கிறது எலும்புப் பக்கத்து அண்டா. மாத்தி அனுப்பிட்டேன். எனக்குக் கண்ணு தெரியல கஞ்சன்பென்."

கிணற்றடியில் நார் நின்றது. மகாராஜ் அண்டாவிலிருந்து கையை எடுத்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஏதோ முனகிக்கொண்டே வாளியை எடுத்துத் தலையோடு ஊற்றிக்கொண்டான். அந்த இரண்டு பெண்களும் அவன் பின்னால் வரிசையில் நின்றார்கள். கஞ்சன்பென் பிரிஜித்தாவை உற்றுப் பார்த்தாள், பிறகு தன் முந்தானையை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது என்ன கலர்?"

"கல்யாண வீட்டுல என்ன கலர் இருக்கும்? சிவப்புதான்."

அது நல்ல பச்சை. கஞ்சன்பென்னுக்கு அடக்கவே முடியவில்லை, சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தாள். பிரிஜித்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இனி எவரும் தன்னிடம் பாத்திரம் வாங்கமாட்டார்கள், கொட்டகையைப் பூட்டிவிட்டு மகளோடு மஸ்கட்டில் போய் உட்கார வேண்டியதுதான் என்றாள். அங்கே யாரையும் தெரியாது, எவர் வீட்டில் எப்போது கல்யாணம் என்றும் தெரியாது என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

கஞ்சன்பென் அவளைக் கிணற்று மேடையில் உட்கார வைத்தாள். பொன்னையாவைக் கூப்பிட்டுப் பச்சைத் துணி அண்டாவை இறக்கச் சொன்னாள். குளித்துவிட்டு ஈரத்தோடு வந்த மகாராஜிடம் அதையும் தேய்க்கச் சொன்னாள், பிரிஜித்தாவின் கண் முன்னாலேயே.

"நாங்க ஏன் வேற யார்கிட்டயும் போகாம உன்கிட்டயே வர்றோம்னு நினைக்கிற? நீ பாத்து அனுப்புவ, நாங்க பாத்து அடுப்புல வைப்போம். இனிமே நீ கொஞ்சம் கம்மியா பாரு, நாங்க கொஞ்சம் கூடுதலா பாக்குறோம். கல்யாணம் முடியட்டும், கண் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, நீ மட்டும் எங்கள் வீடுகளிலிருந்து திரும்பி வருகிற பாத்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்வாயாக்கும் என்று கேட்டாள். பிரிஜித்தா மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். அப்புறம் சட்டென்று நினைவு வந்து மூடிக்கொண்டாள். அந்தோணியார் திருநாளுக்கு மாதா கோயிலுக்குப் பாயசம் வைக்க இலைப் பக்கத்துப் பாத்திரத்தைத்தான் எடுப்பாள். எடுப்பதற்கு முன், சாமியார் மந்திரித்துக் கொடுத்த தண்ணீரை ஒரு கை தெளித்துவிடுவாள். எந்தெந்த வீட்டில் என்னென்ன பூஜைக்கு வைத்தார்களோ என்று. யாருக்கும் தெரியாமல்தான்.

"கொஞ்சம்தான் தெளிப்பேன்," என்றாள்.

இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். கல்யாணப் பெண்ணே மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

சிவப்புத் துணி அண்டா வண்டியில் ஏறியது. பிரிஜித்தா வீட்டுக்குப் போகாமல் வண்டியோடு நேரே ஜுலேகாபாயி வீட்டுக்குப் போனாள். வாசலில் அவளைக் கண்டதுமே ஜுலேகாபாயி நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள், டீ வருகிறது என்றாள். அண்டா மட்டும் ஓரமாகப் பின்பக்கம் போயிற்று. பிரிஜித்தா உட்காரவில்லை. அண்டா போன வழியிலேயே அவளும் போனாள். பின்கட்டில் மருமகள்கள் கையில் செம்போடு பிஸ்மில்லா சொல்லி, அண்டாவைக் கழுவ முதல் தடவை தண்ணீர் ஊற்றப் போன இடத்தில், அவளைப் பார்த்து அப்படியே உறைந்து நின்றார்கள். ஒருத்தி செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

பிரிஜித்தா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய், அண்டாவின் காதைப் பிடித்துச் சாய்த்தாள்.

"டீ ஆறட்டும். ஊத்தும்மா, நான் சாய்ச்சுப் பிடிக்கிறேன்."