மச்சினன் வைத்த பொறிகள்

"முட்டி வலியோட எதுக்கு மாமா ஓடை வரைக்கும் இறங்குறீங்க? பொறியை நான் வெச்சுட்டு வர்றேன்," என்றான் மச்சினன்.

"உனக்கு எலின்னாலே ஆகாதே மாப்ளே," என்றார் பொறிக்காரர்.

"அக்காவையே கட்டிக்குடுக்கிற வரைக்கும் சமாளிச்ச வீடு எங்களுது. எலி எம்மாத்திரம்?"

பொறிக்காரர் சிரித்துவிட்டார். "சரி, ஓடைப்புதர் ஓரமா வை. உயிரோட வேணும். செத்துப்போனா உண்ணி இறங்கிடும். அப்புறம் இந்தப் பொண்ணு வெறும் காதைத்தான் பாத்துட்டிருக்கணும்," என்று வண்டியில் காத்திருந்த ஆய்வகப் பெண்ணைக் காட்டினார்.

சுகாதார நிலையத்தில் அவர்கள் இருவருக்கும் ஒரே அறை. காட்டெலிகளை அவர் பிடித்து வருவார். அவள் மயக்க மருந்து கொடுத்து, காதுமடலில் ஒட்டிய உண்ணிக் குஞ்சுகளை எடுத்து உருப்பெருக்கியில் எண்ணுவாள். அது கடித்தால் உண்ணிக்காய்ச்சல். எந்தப் புதரில் உண்ணி பெருகியிருக்கிறதோ அங்கே போகவேண்டாமென்று அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

அந்தப் பருவத்தில் மச்சினன் கொண்டுவந்த எலிகளில் ஒன்றின் காதிலும் உண்ணியில்லை. "ஓடைப்பக்கம் பயமில்ல," என்று பொறிக்காரர் வீட்டிலும் சொன்னார். மனைவி ஆடுகளுக்குப் புல்லறுக்கப் போனாள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல். இடுப்பில் உண்ணி கடித்த இடத்தில் சுருட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள்.

பொறிகளைக் கழுவும்போதுதான் அவர் கை நின்றது. அடைபட்ட எலி, எட்டுகிறதை எல்லாம் கூண்டுக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளும். புதரில் வைத்த கூண்டென்றால் புல் கிடக்கும். இந்தக் கம்பிகளில் சிக்கியிருந்தது சாக்கு நூல்.

"இது அவன் மூட்டைக் கிடங்குல வெச்சது. அங்க உண்ணி ஏது?" என்றார் ஆய்வகப் பெண்ணிடம். ஓடையோரம் இருந்த நிலத்தை மச்சினன் விற்கப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கும் தெரியும். உண்ணி என்று பேச்சு வந்தால் யார் வாங்குவார்கள்?

"என் வாயாலயே அவளை அங்க அனுப்ப வெச்சுட்டானேம்மா."

அன்றே நொண்டியபடி ஓடைக்கு இறங்கித் தானே பொறி வைத்தார். கிடைத்த எலிகளின் காதெல்லாம் உண்ணி. ஊருக்குச் சொல்லியாயிற்று.

மருந்து வேலை செய்து மனைவி கண் திறந்தபோது, பக்கத்தில் தம்பி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். "எனக்காகச் சோறு தண்ணியில்லாம கிடக்கான், பாரும்மா," என்றாள், பார்க்க வந்த ஆய்வகப் பெண்ணிடம். பொறிக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சினனை அவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அன்று ஆய்வகப் பெண் கிளம்பும்போது வராந்தாவரை கூடவே வந்தார்.

"எப்படித் தப்பாச்சுன்னு அவ உன்கிட்டதான் கேப்பா. நான்தான் பொறியை இடம் மாத்தி வெச்சுட்டேன்னு சொல்லிடும்மா. அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."