நூலில்லாமல் ஓடிய மிஷின்

அந்தக் கல்யாணக் கதையை அப்புறம் சொல்றேன் சரசு, முதல்ல இதைக் கேளு. எங்கப்பாவோட தையல் மிஷினைக் கேட்டு நம்ம மாதா கோயில் சிஸ்டர் வந்தாங்கல்ல? ஆப்பிரிக்காவுல கரண்டே இல்லாத ஊராம், அங்க பொம்பளைங்களுக்குத் தையல் சொல்லிக் குடுக்க அனுப்பப் போறாங்களாம். மாட்டேன்னு சொல்லத்தான் உக்காந்திருந்தேன். அப்பா போனப்புறம் அதை ஒருத்தரையும் தொட விட்டதில்ல.

ஓடுதான்னு பாக்க, சிஸ்டர் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு சும்மா மிதிச்சாங்க. டடக் டடக்னு அந்தச் சத்தம் வந்ததும் சின்ன வயசுல இருந்த பாலக்கரை வீட்டுக்கே போயிட்டேன்டி! கிறிஸ்துமஸ் வந்தா வீடு பூரா புதுத்துணி கஞ்சி வாசனை. மிஷினை ஒட்டித்தான் என் தூளி. அஞ்சு வயசாகியும் அந்தச் சத்தம் நின்னா முழிச்சுக்கிட்டு அழுவேன். அதனால தைக்கத் துணி இல்லாத மத்தியானத்துலயும் அப்பா மிதிச்சுக்கிட்டே இருப்பாரு.

"ஊசியில நூலே இல்ல, யாருக்குங்க சட்டை தைக்கிறீங்க?"ன்னு அம்மா கேப்பாங்க.

"உன் மக தூங்குறா, நீ பேசாம போடி"ம்பாரு.

அப்புறம் என்ன, சிஸ்டர் மிதிச்ச சத்தத்துல நாற்காலியிலயே நான் தூங்கிட்டேன்! முழிச்சுப் பாத்தா, பாவம், சிஸ்டர் இன்னும் மிதிக்கிறாங்க. "நிறுத்தினா நீங்க அசையிறீங்க பாட்டி, அதான்"ங்கிறாங்க.

"எடுத்துட்டுப் போங்க சிஸ்டர், அங்கயும் தூங்காத புள்ளைங்க இருக்கும்"னுட்டேன்.

ஐயையோ, குழாயில தண்ணி வந்துருச்சு! இரு, குடத்தை வச்சிட்டு வரேன்.