அத்தை முதலில் சாப்பிட்டுவிடுவார்

கொஞ்சம் குழிவான எவர்சில்வர் தட்டு அது. விளிம்பில் புள்ளிப் புள்ளியாக என் மாமியாரின் பெயர் வெட்டியிருக்கும். செகந்திராபாத் பாத்திரக் கடையில் வழக்கம்போல வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டார்களாம். "தின்னப்போறது நான், அவர் பேர் கைக்கு, எதுக்கு?" என்று தன் பெயரை வெட்டி வாங்கி வந்தவர் என் அத்தை. மெட்டுகுடா வீட்டில் மத்தியானம் பன்னிரண்டரை ஆனால் அந்தத் தட்டு அலமாரியிலிருந்து இறங்கும். வடித்த சோற்றில் முதல் கரண்டி அதில்தான் விழும். அத்தை சம்மணமிட்டு உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கி, குழம்பிலிருந்து மோர் வரைக்கும் அவசரமே இல்லாமல் சாப்பிடுவார். கை கழுவிவிட்டுக் கூடத்தைப் பார்த்து, "நான் ஆச்சு. இனி யாரு வேணா வரலாம்" என்று குரல் கொடுப்பார்.

நான் திருநெல்வேலிக்காரி. அமீர்பேட் ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, பேகம்பேட்டில் வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டேன். "எல்லாரும் சாப்ட்ட பொறவுதான் நீ ஒக்காரணும், கேட்டியா?" என்று சொல்லித்தான் அம்மா என்னை அனுப்பி வைத்தாள். நல்ல பெயர் வாங்குகிற ஆசையில் முதல் ஞாயிற்றுக்கிழமை அடுப்படி வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். அத்தை தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டை வைத்தார். "மாமா சாப்பிடட்டும் அத்தை, நான் அப்புறமா..." என்று இழுத்தேன். "நக்கோ, அதெல்லாம் வேணாம்! அவருக்குக் கையில்லையா? வந்து போட்டுக்குவார். உனக்குப் பசிக்குதா இல்லையா, அதைச் சொல்லு." பசித்தது. சொன்னேன். அதுவரைக்கும் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. என் கணவரோ இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அம்மா எழுந்த பிறகுதான் தனக்குச் சோறு என்று வளர்ந்த மனிதர் அவர்.

காரணத்தை அத்தை ஒரே ஒரு தடவை சொன்னார், கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே. கல்யாணமான புதிதில் அவர்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் கூட்டுக் குடும்பம். ஆண்கள் ஏழு பேர் சாப்பிட்டு எழுந்த பிறகு பெண்கள். அதிலும் புது மருமகள் கடைசி. என் கணவரை வயிற்றில் சுமந்த ஆறாம் மாதம், குழாயடியில் மயங்கி விழுந்தார். "காலையிலிருந்து என்ன சாப்பிட்டே?" என்று டாக்டரம்மா கேட்டபோது, கூட வந்தவர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்களாம். "ரசத்து மண்டி" என்று அத்தை உண்மையைச் சொல்லிவிட்டார். வீட்டு மானத்தை வாங்கிவிட்டதாகப் பெரிய சண்டை. மறுநாள் மத்தியானம், யாரிடமும் கேட்காமல், சோற்றுப்பானைக்கு முன்னால் தட்டோடு உட்கார்ந்தார். நாற்பது வருஷத்துக்கு அந்த இடத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பேச்சு வராமலா இருக்கும்? மாமாவின் அண்ணன், நான் பெரிய மாமா என்று கூப்பிடுபவர், ஒரு காதுகுத்து வீட்டில் கூட்டத்துக்கு நடுவே கேட்டார்: "புருஷனுக்கு முந்தித் தின்னுற பழக்கம் எங்கேருந்தும்மா வந்துச்சு?" அத்தை வாயிலிருந்த வடையை மென்று விழுங்கிவிட்டு, "பசியிலேருந்து, அத்தான்" என்றார். மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. "எங்க வீட்டு மகாராணி சாப்பிட்டாச்சா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குத்திக்காட்டுவார். "ஹவ், ஆச்சு, ரெண்டு தரம்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

கடைசி இரண்டு மாதம் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. குழைத்த கஞ்சி நாலு ஸ்பூன் உள்ளே போனால் பெரிய காரியம். அப்போதுதான் மாமாவைப் பார்த்து நான் அசந்துபோனேன். மணி இரண்டானாலும் மூன்றானாலும் தன் தட்டைத் தொடமாட்டார். "அவ சாப்பிடட்டும்மா, அப்புறம்தானே நான்" என்று கட்டில் ஓரத்தில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பார். அத்தை பேசமுடியாமல் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு நிறைய ஆட்கள். அத்தைக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டோம். பெரிய மாமாதான் முன்னால் நின்றார். "மொதல்ல அவளுக்கு. அவளுக்குப் படைக்காம ஒருத்தரும் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது." எனக்குச் சுள்ளென்று ஏறியது. செத்தபிறகு முதல் இலை போட எத்தனை அக்கறை! உயிரோடு இருந்தபோது அதே முதல் சோற்றுக்குத்தானே அந்தப் பேச்சுப் பேசினீர்கள்?

படையல் முடிந்ததும் ஆண்களுக்குப் பந்தி விரித்தார்கள். விடிந்ததிலிருந்து அடுப்படியில் வெந்த நாங்கள் ஆறு பெண்கள் சுவரோரம் நின்றோம். என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "மம்மி, பாட்டி ப்ளேட் எக்கட?" என்று, தட்டு எங்கே எனத் தெலுங்கில் கேட்டாள். அவளுக்கு அந்தத் தட்டு இறங்காமல் இந்த வீட்டில் சாப்பாடு கிடையாது. போய் எடுத்துவந்தேன். பந்தியின் ஓரத்தில், மாமாவின் இலைக்குப் பக்கத்தில் அதை வைத்து உட்கார்ந்தேன்.

"என்னம்மா இது? பொம்பளைங்க அடுத்த பந்திதானே?" என்றார் பெரிய மாமா.

"பசிக்குது, பெரிய மாமா."

மாமா என்னைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பரிமாற வந்தவரிடமிருந்து சோற்றுப் பாத்திரத்தை வாங்கி, முதல் கரண்டியை அந்தத் தட்டில் போட்டார். "அவங்களையும் வரச்சொல்லும்மா. பந்தி நீளட்டும்" என்றார். சுவரோரம் நின்ற ஐந்து பேரில் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய மாமா எழுந்து போய்விட்டார். போகட்டும்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தட்டு இப்போது என் மகளிடம். அதில் இன்னொரு பெயர் வெட்டலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். இன்று மத்தியானம் பெரிய மாமா, அத்தையின் திவசத்துக்கு நாள் பார்க்க வந்து, கூடத்தில் மாமாவோடு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டரைக்கு நானும் மகளும் உட்கார்ந்து மோர் வரைக்கும் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வெளியே வந்தேன்.

"நாங்க ஆச்சு. இனி யாரு வேணா வரலாம்."