முன்தொட்டித் தண்ணீர்

இங்கே என் காலை வேலை என்னவென்றால், ஏரியில் மிதக்கும் படகுக்குள் அதே ஏரியின் தண்ணீரை நிரப்புவது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். ஏழு மணிக்குப் படகுத்துறைக்குப் போய், உறையைக் கழற்றி, விசையை அழுத்தினால் அடியில் இருக்கும் மோட்டார் ஏரியை உறிஞ்சி மூன்று தொட்டிகளில் ஊற்றும். பின்னால் இடதும் வலதுமாக இரண்டு, முன்னிருக்கைக்கு அடியில் ஒன்று. இதற்கு பேலஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் பாரம், அவ்வளவுதான். ஆயிரம் லிட்டருக்கு மேல் உள்ளே போகும். மாலையில் அத்தனையும் திரும்ப ஏரிக்கே போகும். எங்கள் ஊர் வடகரப்பதியில் இது ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். வந்த புதிதில் நான் போட்டுப் பார்த்து, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

எதற்கு இந்தப் பாரம் என்று கேட்பீர்கள். கனடாவின் மேற்குப் பக்கம் மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஊருக்குக் கடல் கிடையாது. ஆனால் ஜனங்களுக்கு அலை வேண்டும். கனத்த படகு தண்ணீரை ஆழமாகத் தள்ளிக்கொண்டு நிதானமாகப் போனால், பின்னால் ஒரு அலை எழும்பிக் கூடவே வரும். பலகைமேல் நிற்பவர் முதலில் கயிற்றைப் பிடித்து எழுவார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு அலை தள்ளத் தள்ள வந்துகொண்டே இருப்பார். வேக்சர்ஃபிங் என்பது இதுதான். எந்தப் பக்கம் அலை வேண்டுமோ அந்தப் பக்கத்துப் பின்தொட்டியில் பாரத்தைக் கூட்ட வேண்டும், படகு சாயும், அலை நிமிரும். பின்னால் மட்டும் கனத்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் வந்து ஆளைக் கீழே தள்ளும். முன்தொட்டியில் கொஞ்சம் ஏற்றினால் அலை நீளும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

இது எனக்கு எப்படிப் பிடிபட்டது என்று முதலாளி கிரெக்குக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. பத்துக் கோடைகள் நான் ஊரில் டிராக்டருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இழுத்தவன். பஞ்சாயத்துச் சொல்லும் வீதிகளுக்கெல்லாம் போய் டிரம்களில் அடித்துவிட்டு வருவேன். முழுத் தொட்டி சொன்ன பேச்சைக் கேட்கும். காலித் தொட்டியும் கேட்கும். பாதித் தொட்டிதான் பகையாளி. வாய்க்கால் வளைவில் திருப்பினால் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே இழுக்கும். இரண்டு முறை கவிழ இருந்தேன், குலதெய்வம் காப்பாற்றியது. பழத்தோட்ட வேலைக்கு என்று இந்த நாட்டுக்கு வந்த என்னை கிரெக் கொத்திக்கொண்டு போனதும் அதனால்தான். தண்ணீருக்குள் இறங்கும் சரிவில் படகு வண்டியை ஒரே மூச்சில் பின்னுக்கு ஓட்டி இறக்கினேன். மனுஷன் வாயைப் பிளந்து நின்றார்.

ஆனால் பாரம் தெரிந்தால் போதாது, மனிதர்கள் தெரிய வேண்டும். படகில் உட்காருபவர்களும் பாரம்தானே. முதல் மாதம் ஒரு குடும்பம் வந்தது. எங்கே உட்கார வைப்பது என்று தெரிய வேண்டி அந்த அம்மாவிடம் நேராகவே கேட்டேன், “மேடம், நீங்கள் எத்தனை கிலோ?” நம் ஊரில் ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். அந்த அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கிரெக் ஓடிவந்து ஏதோ சமாதானம் சொல்லி, என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், “கேட்காதே. பார்த்து ஊகி” என்றார். அன்றிலிருந்து நான் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் எடை போடுகிறேன். இது ஒரு கெட்ட பழக்கம் ஆகிவிட்டது, கோயிலுக்குப் போனாலும் விடுவதில்லை.

ஏன் வந்தாய், ஊரில் இருந்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது என்றுதான் பெண் பார்க்கப் போனோம். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, ஆழ்துளைப் போரில் தண்ணீர் எத்தனை அடியில். சொன்னால் காபியோடு அனுப்பிவிடுவார்கள். அம்மா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். நாற்பது தாண்டிய பிறகு எனக்கே வெறுத்துப்போய், கோயமுத்தூரில் ஒரு ஏஜென்ட் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்பா, எங்கள் பேச்சில் அய்யன், மட்டும் தோட்டத்தில். எழுபத்தைந்து வயது, இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால், வாய்க்கால் தண்ணீர் வரும்போது மடை திறக்க ஆள் வேண்டாமா என்பார். வாய்க்காலில் தண்ணீர் வந்து வருஷக்கணக்காகிறது.

இந்த வருஷம் மூன்றாவது போரும் கைவிட்டது. மிச்சம் நின்ற தொண்ணூறு மரத்தில் பாதிக்குமேல் பட்டுவிட்டது என்று மரவியாபாரி சொல்கிறான். அவன் மொத்தமாக எடுத்துக்கொள்ளத் தயார், செங்கல் சூளைக்குத் தருவான். ஆடி முடியும்வரைதான் காத்திருப்பேன் என்று கெடு வைத்திருந்தான். பட்ட மரம் எது, உயிருள்ள மரம் எது என்று குருத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். குருத்துப் பச்சையாக இருந்தால் மழைக்குத் தப்பிவிடும். ஆனால் பார்ப்பதற்குக் கண் வேண்டும். காய் இல்லாத மரத்துக்கு ஏறுகிற ஆளும் வருவதில்லை. வீடியோவில் காட்டச் சொன்னேன். அய்யன் கை நடுங்கி, வானமும் அவர் காதும்தான் மாறி மாறித் தெரிந்தன. பக்கத்துத் தோட்டத்தில் யாரையாவது கேளுங்கள் என்றதற்குக் கோபம் வந்துவிட்டது.

“எந்தோட்டத்து மரம் உசுரோட இருக்குதா இல்லையான்னு ஊரான் சொல்றதா? நீ வா சாமி. தண்ணி சொமந்து ஊத்துனவன் நீ. நீ வந்து நின்னு, இது பச்ச, இது பட்டதுன்னு சொல்லிப்போட்டுப் போ. அதுவரைக்கும் ரம்பத்தை உள்ள உடமாட்டேன்.”

“ஆடி முடியறதுக்குள்ள வந்துருவனுங்கய்யா” என்றேன்.

என் வேலை அனுமதி கிரெக் பெயரில் இருக்கிறது. சீசன் நடுவில் மூன்று வாரம் விடுப்பு என்றால் யார் தருவார்? தயங்கித் தயங்கிக் கேட்டேன். மரங்களைப் பார்க்கப் போக வேண்டும் என்றேன். “மரங்களையா?” என்று கேட்டார். ஆமாம், என் மரங்கள் என்றேன். ஏதோ காட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல, அழகான விஷயம் என்று தோளில் தட்டினார். நான் திருத்தவில்லை. இரண்டு மணிநேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு ஏரியில் சனிக்கிழமை போட்டி, அதில் அவர் மகள் கலந்துகொள்கிறாள். அவளுக்குத் தகுந்த அலையை அமைத்துக் கொடுத்துவிட்டுத் திங்கள்கிழமை கிளம்பு என்றார். டிக்கெட் போட்டேன். அய்யனுக்குக் கைலி இரண்டும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் வாங்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை முழுக்க அலையோடு மல்லுக்கட்டினேன். அந்தப் பெண் ஒல்லி, அலை செங்குத்தாக வந்தால் பலகை அவளை முந்திக்கொண்டு போயிற்று. இடது பின்தொட்டியை நிறைத்தேன், வலதைக் குறைத்தேன், முன்தொட்டியில் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், கடைசியில் முழுதாகவே நிறைத்தேன். அலை நீண்டு, பாய் விரித்த மாதிரி பின்னால் வந்தது. அவள் கயிற்றை எறிந்துவிட்டு ஏரியின் பாதித் தூரம் கைவீசிக்கொண்டே வந்தாள். கிரெக் என் முதுகில் அறைந்த அறையில் எலும்பு கலங்கியது. எனக்கும் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். வந்த நாளிலிருந்து நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று தோன்றியது.

படகைக் கரையேற்றும் முன் தொட்டிகளை வடிக்க வேண்டும். இங்கே அது சட்டம். ஒரு ஏரித் தண்ணீர் இன்னொரு ஏரிக்குள் போகக்கூடாது. அதோடு கூடவே ஏதோ சிப்பிக்குஞ்சுகள் போய்ப் பெருகி ஏரியைக் கெடுத்துவிடுமாம். படகுக் கொட்டகைச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பின்தொட்டிகள் இரண்டையும் வடித்தேன். முன்தொட்டியின் விசையில் விரலை வைத்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் நிறைந்த குடத்தைக் கவிழ்க்க மாட்டோம். கைகால் கழுவக்கூட அரைக்குடத்திலிருந்துதான் எடுப்போம். சின்ன வயதில் ஒருமுறை கவிழ்த்துவிட்டு அய்யனிடம் வாங்கிய அடி நினைவிருக்கிறது. அதையெல்லாம் நான் நம்புகிறவன் அல்ல என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாளைக்கு எப்படியும் இதே அளவு வேண்டும், முன்னால் இருக்கிற பாரம் வண்டியை ஒன்றும் செய்யாது, யாருக்குத் தெரியப்போகிறது என்று பல சமாதானம் சொல்லிக்கொண்டேன். விரலை எடுத்துவிட்டேன்.

நெடுஞ்சாலையில் படகுகளைச் சோதிக்கும் சாவடி ஒன்று உண்டு. சனிக்கிழமை காலை அங்கே இருந்த பெண் அதிகாரி சிரித்தபடி முன்னிருக்கையைத் தூக்கினாள். அப்புறம் சிரிக்கவில்லை. கிரெக் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் வடிக்கவில்லை என்று அந்த அதிகாரி கேட்டாள். நான் என்னவென்று சொல்வது? எங்கள் ஊரில் தண்ணீர் கிடையாது என்றேன். அவள் புரியாமல் கிரெக்கைப் பார்த்து, இங்கேதான் ஏராளமாக இருக்கிறதே என்றாள். படகைப் பிடித்து வைத்துவிட்டார்கள். வெந்நீர் அடித்துக் கழுவி, காயவைத்து, சில வாரம் கழித்துத்தான் தருவார்களாம். போட்டி போயிற்று. கிரெக்கின் மகள் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

கிரெக்கும் கத்தவில்லை. திரும்பி வந்ததும், “படகு திரும்பும்வரை பழைய படகுதான், அதில் தொட்டி இல்லை, பைகளில் தண்ணீர் நிரப்பித்தான் ஓட்ட வேண்டும், நீ இல்லாமல் முடியாது” என்றார். விடுப்பு என்று ஆரம்பித்தேன். “உன் மரங்கள் எங்கேயும் ஓடிப்போகாது” என்றார். நியாயமாகத்தான் பேசுகிறார் என்று அவர் நினைப்பு. வேலையை உதறிவிட்டுப் போனால் திரும்ப இந்த நாட்டுக்குள் கால்வைக்க முடியாது. அங்கே போரில் தண்ணீர் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு பைகளைத் தூக்கிப்போட்டேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அய்யனிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. “செரி சாமி, வேலைதான் முக்கியம். நீ உண்டயா?” என்று கேட்டு வைத்துவிட்டார்.

ஆடி முடிந்த மறுவாரம் ஒருநாள் மாலை ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வீடியோவில் அய்யனுக்குப் பின்னால் ஒரே வெளிச்சம். அப்படி ஒரு வெளிச்சத்தை அந்தத் தோட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

“எடுத்துட்டாங்க சாமி. எது பச்ச, எது பட்டதுன்னு எனக்கெங்க தெரியுது? அவன் எல்லாம் பட்டதுதானுங்கன்னான். நானும் ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். தொட்டா ஒண்ணும் தெரியறதில்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “மோட்டார் ரூம்புக்குப் பக்கத்துல இருக்கறத மட்டும் உட்டுப்போடுன்னு சொல்லிட்டேன். மொத்தமாப் போச்சுன்னா நீ வந்து எடந்தெரியாம நிப்பயல்ல.”

“காட்டுங்கய்யா” என்றேன்.

சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்தார். மறைக்க வேறு மரமே இல்லாததால் இந்தமுறை நன்றாகத் தெரிந்தது. ஓலையெல்லாம் தொங்கி, நடுவில் குருத்து பழுப்பேறிச் சாய்ந்து கிடந்தது. போன கோடையிலேயே செத்த மரம்.

“டேங்கர்ல வர்றதுல தெனமும் ரெண்டு கொடம் இதுக்கு ஊத்தறேன்” என்றார் அய்யன். “பட்டுப்போனதுக்கு ஊத்தறமோன்னு ஒரு சங்கட்டம் இருந்துட்டே இருக்குது. பச்சயா இருக்குதா சாமி?”

“இருக்குதுங்கய்யா” என்றேன். “நல்லாப் பச்சயா இருக்குதுங்க.”

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. நேற்றும் மரத்துக்கு ஊற்றியாயிற்றா என்று கேட்டேன். ஊற்றிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன் என்றார்.